கேட்காமல் போட்ட புள்ளடி

மொன்றியல்,
3.12.2006, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்னெஸ் அக்காவுக்கு,

நீங்களும் மகள் ஜெயனியும் ரொறொன்ரோ ஸ்காபரோக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பி றூபன் எழுதுவது. இங்கே வெள்ளிக்கிழமை உறைமழை பெய்து, சென்-மிஷேல் தெருவெல்லாம் கண்ணாடி போலக் கிடக்கிறது. நான் இரண்டு தரம் விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. என் சுகம் அவ்வளவுதான்.

உங்களுக்கு நாலு தரம் போன் எடுத்தேன். மூன்று தரம் உங்கள் தம்பி அருமைநாதன் எடுத்து, அக்கா வேலைக்குப் போய்விட்டா என்றார். நாலாம் தரம் நீங்களே எடுத்தீர்கள். நான் வாய் திறக்க முதல், "அதை விடும் தம்பி. சாப்பிட்டீரோ?" என்று கேட்டீர்கள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதுதான் கடிதம். இதை இடையில் மறித்துச் சாப்பிட்டீரோ என்று கேட்க உங்களால் முடியாது.

சுற்றி வளைக்க எனக்கு வராது. விஷயத்தை முதலிலேயே எழுதுகிறேன். பெப்ரவரியில் எங்கள் பங்குப் பிள்ளைகள் இருபத்திமூன்று பேரின் பள்ளிக்கூடப் படிவத்தில், 'கத்தோலிக்க சமயம்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு 'ஒழுக்கப்பாடம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டது நான். கை தவறவில்லை. பிரெஞ்சு விளங்காமலும் இல்லை. தெரிந்து, வேண்டுமென்றே போட்டேன். செப்டெம்பரில் அதற்காக உங்களை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்டபோது, பத்தடி தள்ளி நின்று கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

இது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. படிவங்களை என் கையில் தந்ததே நீங்கள். ஆனால் என் வாயால் நீங்கள் இதை ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். என்னை நல்லவனாகக் காட்டும் இடம் எங்கேயாவது வந்தால் அதை நம்ப வேண்டாம்.

டோர்வல் விமான நிலையத்திலிருந்து வரும் பஸ்ஸில் நாங்கள் கதைத்தது ஞாபகம் இருக்கும். நீங்கள் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி முடித்து வருவீர்கள், நான் ஹாங்கரிலிருந்து கிறீஸ் கையோடு வருவேன். லியோனெல்-குரூ மெட்ரோ வரும்வரை நான்தான் கதைப்பேன். நீங்கள் கைப்பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வாசகத்தின் போட்டோக்கொப்பியை எடுத்து, உதடு மட்டும் அசைய வாசித்துப் பழகுவீர்கள். ஒருநாள் நான் சிரித்துக்கொண்டு, "பதினைந்து வருஷமாக வாசிக்கிறீர்கள், இன்னும் என்ன பழக்கம்?" என்று கேட்டேன். "நான் பிழையா வாசிச்சால் சனத்துக்குப் பிழையாத்தானே தம்பி போய்ச் சேரும். அவை என்ர வாயை நம்பியெல்லோ இருக்கினம்" என்றீர்கள். நான் அதைப் பகிடியாக எடுத்தேன்.

ஜனவரியில் என்று நினைக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிப்பதை அரசாங்கம் இரண்டு வருஷத்தில் நிறுத்தப் போகிறதாம் என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். எனக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. விமானத் தொழில்நுட்பம் படித்த கல்லூரியில் கட்டாயமாக ஒரு தத்துவப் பாடம் இருந்தது. நான் நித்திரை கொள்ளாத ஒரே வகுப்பு அது. அதில் படித்ததையெல்லாம் அன்றைக்கு உங்கள் தலையில் கொட்டினேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் சில படிப்பாளிகள், பழைய கிரேக்க நூல்களைத் தோண்டி எடுத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது படிப்பு இல்லை, மூலத்தைத் தேடிப்போய் உன் கண்ணால் வாசி, பிள்ளையை அடிக்காதே, மனிதனாக்கு என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சீர்திருத்தக்காரர் வந்து, கடவுளின் வார்த்தையைக் குருவானவர் இலத்தீனில் முணுமுணுக்க வேண்டாம், அது சனத்தின் பாஷையில் வரட்டும், அதை வாசிக்க ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். அவர்களுக்குப் போட்டியாக எங்கள் கத்தோலிக்கச் சபையார் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கல்லூரிகள் கட்டினார்கள். அந்தப் போட்டி கப்பலேறி யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. அமெரிக்க மிஷன்காரர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் திறக்க, எங்கள் ஆட்களும் திறந்தார்கள், சைவ ஆட்களும் திறந்தார்கள். "நீங்களும் நானும் எழுத்து வாசிக்கிறது அந்தச் சண்டையால்தான் அக்கா" என்று முடித்தேன். முன் சீற்றிலிருந்த வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கதைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அப்ப அதுக்கு முந்தி, வாசிக்கத் தெரியாத சனத்துக்கு ஆர் வாசிச்சுச் சொன்னது?" குருமார்தான், தங்களுக்கு வேண்டியதை வேண்டியபடி சொன்னார்கள் என்றேன். "அதுகும் பாவம்தான்" என்றீர்கள். யாரைப் பாவம் என்றீர்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் படிவங்களோடு அந்தப் பையைக் கொண்டுவந்தீர்கள். அவ்வளவு காலமும் எங்கள் சனத்தின் பள்ளிக்கூடப் படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்தவர் பத்திநாதர். அவருக்குக் கண் ஒப்பரேஷன் என்றதும் எல்லாரும் உங்களிடம் தந்துவிட்டார்கள். நீங்கள் பனிக்குள் வீடு வீடாக மாடிப்படி ஏறி, படிவத்தின் அடியில் தாய் தகப்பனிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கி, பிள்ளையின் பிறந்த திகதியும் மருத்துவ அட்டை நம்பரும் ஒரு துண்டில் எழுதிக் குத்தி, சுப்பர்மார்க்கெட் பையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். இரண்டாம் தரம் அலைய ஏலாது, அதனால் வெறும் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து. எங்கள் ஆட்களின் வழக்கம். அதில் யாருக்கும் ஒரு பிழையும் தெரிந்ததில்லை.

நான் அப்போது சொன்ன நிபந்தனை உங்களுக்கு மறந்திராது. "நான் நிரப்பினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ அக்கா. சொன்னால் ஊர்ப்பட்ட கடுதாசியெல்லாம் என்ர வாசலுக்கு வரும்." சொல்லமாட்டேன் என்று வாக்குத் தந்தீர்கள். போகும்போது வாசலில் நின்று, "ஜெயனிக்குச் சமயபாடம் இருக்குதோ எண்டு ஒருக்காப் பாரும். வாற வருஷம் அவள் முதல் நற்கருணை எடுக்கிற புதுநன்மை" என்றீர்கள். எல்லாம் சரியாகப் போடுகிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்பத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது. கத்தோலிக்க சமயமா, புரட்டஸ்தாந்து சமயமா, ஒழுக்கப்பாடமா, ஒன்றைத் தெரிவுசெய்க. தெரிவு பெற்றோருடையது என்று தடித்த எழுத்தில் கீழே போட்டிருந்தது. பத்திநாதர் பதினைந்து வருஷமாக ஒருவரையும் கேட்காமல் முதல் கட்டத்தில் போட்டவர். ஆட்டுமந்தை என்று நினைத்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. பிரெஞ்சில் மூத்திரம் பெய்யப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாத என்னை, அந்தச் சமய வகுப்பில் வள்ளத்துக்கும் மீனுக்கும் நிறம் தீட்ட விட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க நிறம் தீட்டினேன். பக்கத்து அறையில் ஒழுக்கப்பாடப் பிள்ளைகள் வாதாடிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். இந்தப் பிள்ளைகளாவது வாதாடப் பழகட்டும் என்று நினைத்தேன்.

இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். உண்மை வேறு. போன் மேசையில்தான் இருந்தது. இருபத்திமூன்று வீட்டுக்கும் எடுத்துக் கேட்க ஒரு மணித்தியாலம் போதும். எடுக்கவில்லை. கேட்டால் அவர்கள் 'பிழையான' கட்டத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். முதல் படிவத்தில் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஐந்தாவதில் பிடித்துப்போயிற்று. பத்தாவதில் எனக்குள் ஒரு சந்தோஷம், நான் பெரிய காரியம் செய்கிறேன் என்று. ஜெயனியின் படிவம் பதினேழாவதோ பதினெட்டாவதோ. உங்கள் சொல் காதில் கேட்டது. ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டால் மற்றவற்றை வேண்டுமென்று போட்டது தெரிந்துவிடும் என்று யோசித்து, அதிலும் ஒழுக்கப்பாடத்திலேயே போட்டேன்.

செப்டெம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறைக்குப் போனார்கள். அல்போன்சம்மா தன் மகள் றொஷினியைக் கேட்டபோது, அவள் அங்கே யாரோ ஒரு பொடியன் அழிறப்பர் எடுத்த கதையைச் சொல்லியிருக்கிறாள். "யேசுவைப் பற்றிப் படிக்க அனுப்பினால், அழிறப்பர் களவெடுத்தது சரியோ பிழையோ எண்டு அரை மணித்தியாலம் வழக்காடுகினமாம்!" என்று அவ கோயில் மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தா. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டபோது அவர்கள் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். கீழே அவவுடைய சொந்தக் கையெழுத்து. வகுப்புக்கு ஆள் காணாது என்று கத்தோலிக்க ஆசிரியையை வேறு பள்ளிக்கு அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னார்கள். அப்போதுதான் சனம் யோசிக்கத் தொடங்கியது. கையெழுத்து எங்களது, புள்ளடி யாருடையது? பையை எடுத்துக்கொண்டு போனது யார்? அக்னெஸ். அக்னெஸின் தம்பி ரொறொன்ரோவில் அல்லேலூயாச் சபைக்காரன். உயிர்த்த ஞாயிறுக்கு இங்கே வந்து நின்றவன். இரண்டையும் இரண்டையும் கூட்டினார்கள்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் றோல்ஸும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருந்தது. அல்போன்சம்மா நேரே உங்களுக்கு முன்னால் வந்து நின்று, "ஏன் பிள்ளை, எங்கட குஞ்சுகளை வேதமில்லாமல் ஆக்கிப்போட்டு, உம்மட தம்பியின்ர சபைக்கோ ஆள் பிடிக்கிறீர்? கொமிசன் எவ்வளவு?" என்று கேட்டா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீங்கள் என்னை ஒரே ஒரு தரம் பார்த்தீர்கள். கெஞ்சியும் பார்க்கவில்லை, கோபித்தும் பார்க்கவில்லை. நீர் சொல்லுகிறீரோ என்று மட்டும் கேட்ட பார்வை. நான் குனிந்து அடுத்த கதிரையை மடக்கினேன். நீங்கள் திரும்பி, "நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். பிழையெண்டால் அது என்ர பிழை" என்றீர்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எனக்குத் தந்த வாக்கையும் காப்பாற்றி, பொய்யும் சொல்லாமல், அவ்வளவு பேருக்கு முன்னால் எப்படி அந்த வசனத்தைக் கண்டுபிடித்தீர்களோ தெரியாது. நான் அன்றைக்கு எண்பது கதிரை அடுக்கினேன். தேவைப்பட்டது முப்பது.

அதன் பிறகு வாசகப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்தார்கள். உங்கள் முறை வந்த ஞாயிறு வேறொருவர் ஏறி, தீர்க்கதரிசியின் பெயரிலேயே தடக்குப்பட்டார். நீங்கள் பின்வரிசை வாங்கில் இருந்து, வழக்கம்போல உதடு மட்டும் அசைய அதையே வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். அன்றைக்கும் பேசவில்லை.

ஒக்ரோபர் நடுவில் ஒருநாள் ஜெயனி பஸ் தரிப்பில் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிரெஞ்சில்தான் கேட்டாள். "றூபன் மாமா, அம்மா பொய் சொல்லுகிறவவா? றொஷினி அப்படிச் சொல்லுகிறாள்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை என்று ஒரு சொல் சொல்ல என்ன கஷ்டம்? சொன்னால் அடுத்த கேள்வி வரும். "அம்மாவைக் கேள்" என்றேன். இதைத்தான் அக்கா, மற்ற எல்லாவற்றையும் விட, என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு இந்த ஊரில் இருப்பது நீங்கள் ஒருவர். அந்த ஒருவரையும் சந்தேகிக்க விட்டேன். இரண்டு கிழமையில் நீங்கள் இருவரும் ரொறொன்ரோ போய்விட்டீர்கள். தம்பி பெண்சாதிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

எனக்குப் புத்தி வந்தது கோயிலில் இல்லை, ஹாங்கரில். என்னோடு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரர், விமானத்தின் ஒரு மூடியைப் பூட்டியாயிற்று, உள்ளே நான் பார்த்தேன், நீயும் பார்த்ததாகக் கையெழுத்து வை என்று வேலைத்தாளை நீட்டினார். நான் துள்ளினேன். என் கண் பார்க்காததற்கு என் கை எழுதாது, திருகாணியைக் கழற்று, மூடியைத் திற என்று கத்தினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு திறந்தார். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து வைக்கப் பேனாவை எடுத்தபோது எனக்கு அந்தச் சுப்பர்மார்க்கெட் பை ஞாபகம் வந்தது. ஒரு அலுமினியத் துண்டுக்கு இவ்வளவு நேர்மை பார்க்கிறவன், இருபத்திமூன்று தாய்மாரின் கையெழுத்துக்கு மேலே என்ன செய்தேன்?

பிறகு அந்தப் பழைய கல்லூரிக் குறிப்பையும் எடுத்து, மிச்சத்தையும் தேடி வாசித்தேன். நான் பஸ்ஸில் பாதிதான் சொல்லியிருக்கிறேன் அக்கா. உன் கண்ணால் வாசி என்று சொன்ன அதே சீர்திருத்தக்காரர், சனம் வாசித்துத் தன் பாட்டில் வேறு வேறாக விளங்கத் தொடங்கியதும் பயந்துபோனார்கள். கேள்வியும் எழுதி, விடையும் எழுதி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய விட்டார்கள். பாடம் சரியாக ஒப்புவிக்கிறார்களா என்று பார்க்க ஆளும் வைத்தார்கள். எனக்கு வந்ததும் அதே பயம்தான். சனம் தானே தெரிவுசெய்ய வேண்டும் என்று பஸ்ஸில் கத்துவேன். படிவம் கைக்கு வந்ததும் அவர்கள் என்ன தெரிவுசெய்வார்களோ என்று பயந்து, நானே முடித்துவிட்டேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தனக்கு வேண்டியபடி வாசித்துச் சொன்ன ஆள் என்று குருமாரைப் பழித்தேனே, அவர்களாவது வாய் திறந்து எதையோ வாசித்தார்கள். நான் அதுவும் செய்யவில்லை.

போன ஞாயிறு, கிறிஸ்து அரசர் திருநாள். பூசை முடிந்து எல்லாரும் கீழே வந்ததும் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். நான்தான் போட்டேன், தெரிந்து போட்டேன், அக்னெஸ் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, என் பெயரைச் சொல்லவேண்டாம் என்று வாக்கு வாங்கியவனும் நான் என்று. அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் பத்திநாதர் சிரித்தார். "அட, இதுக்கே இந்தப் பாடு? நானும்தான் பதினைஞ்சு வருஷம் ஒருத்தரையும் கேக்காமல் போட்டனான்." யாரோ, "தம்பி படிச்ச பிள்ளை, பிள்ளையளின்ர நன்மைக்குத்தானே செய்திருப்பார்" என்றார்கள். அல்போன்சம்மா, "அக்னெஸுக்கு வாயில்லையோ? அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றா. சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த குடியுரிமைப் படிவம் ஒன்றை எடுத்து, "உங்களுக்கு இவ்வளவு பிரெஞ்சு தெரியுமெண்டு தெரியாமல் போச்சே. இதையும் ஒருக்கால் நிரப்பித் தாங்கோ" என்று நீட்டினா. அடியில் கையெழுத்து வைத்தாயிற்று. மற்றதெல்லாம் வெறுமை.

எனக்கு விசர் வந்துவிட்டது. உங்களுக்கு என்னில் கோபமே வரவில்லையா என்று கத்தினேன். அவ என்னை ஒரு விதமாகப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னா: "உங்களிலை கோவிச்சால் பேந்து உந்தக் கடுதாசியளை ஆர் தம்பி நிரப்புறது?"

அவர்கள் என்னை மன்னிக்கவில்லை அக்கா. அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களில் கோபிக்கலாம், ஏனென்றால் உங்களில் கோபித்தால் ஒன்றும் நட்டமில்லை. அதே பிழைக்கு ஒருவருக்குக் 'கொமிசன்', ஒருவருக்குப் 'படிச்ச பிள்ளை'. என் படிப்பு எனக்கு வாங்கித் தந்தது அதைத்தான்.

அந்தப் படிவத்தை நான் வாங்கவில்லை. அவவை இருத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன், பேனாவை அவவின் கையில் கொடுத்தேன். பிறகு பள்ளிக்கூடக் கேள்வியையும் எல்லாருக்கும் வாசித்தேன், மூன்று கட்டத்தையும் விளங்கப்படுத்தினேன். என் விருப்பம் என்ன என்று கேட்டார்கள். சொல்லவில்லை. உங்களைக் கழித்தால் இருபத்திரண்டு. பதினாறு பேர் கத்தோலிக்கம் என்றார்கள். இரண்டு பேர் யோசிக்க வேண்டும் என்றார்கள். நாலு பேர் ஒழுக்கப்பாடம் என்றார்கள், அதில் ஒருவர் பத்திநாதர்! "வேதம் நான் வீட்டிலை சொல்லிக் குடுப்பன். பேரன் பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சிலை வழக்காடப் பழகட்டும்" என்றார். பெப்ரவரியில் நான் எனக்குள் சொன்ன அதே நியாயம். கேட்டிருந்தால் அவரே தந்திருப்பார். அதிபருக்குக் கடிதங்கள் போயிருக்கின்றன. இந்த வருஷம் மாற்ற ஏலாது, வருகிற செப்டெம்பரில் பார்க்கலாம் என்றுதான் பதில். கெட்டது கெட்டதுதான்.

உங்கள் பெயருக்கு அது போதாது என்று நினைத்தேன். பாதரிடம் கேட்டு, இன்றைய ஞாயிறு மடலில் கடைசிப் பக்கம் முழுவதும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அச்சடித்தேன். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் எல்லாம் அதில் இருக்கிறது. நூற்றைம்பது பிரதி. பத்திநாதர், "வாயாலை சொன்னது காத்தோடை போகும், கடுதாசியிலை போட்டு ஏன் மானத்தை வாங்குறீர்?" என்றார். அதற்காகத்தான் என்றேன். இன்று அல்போன்சம்மா அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "என்ர பேரையும் சேர்த்தெல்லோ போட்டிருக்கிறீர்!" என்று உண்மையாகவே கோபித்தா. முதல் தரம் என்னை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்று சொன்னா. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அக்னெஸின் நம்பர் இருக்கோ என்று கேட்டா. கொடுத்தேன். எடுப்பாவோ தெரியாது. எடுத்தால், அதை விடுங்கோ என்று வெட்டிவிடாதீர்கள் அக்கா. அவ சொல்லி முடிக்கட்டும்.

திரும்பி வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அங்கே கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜெயனிக்குப் புதுநன்மையும் அங்கேயே நடக்கும் என்று தெரியும். வாசகப் பட்டியலில் உங்கள் பெயரைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆளில்லாத பெயர்தான். முறை வரும்போது நான் ஏறி, இன்று வாசிக்க வேண்டியவர் இன்னார் என்று சொல்லிவிட்டு வாசிப்பதாக ஏற்பாடு. நானும் பஸ்ஸில் பழகுகிறேன்.

ஒரு காரியம் மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஜெயனிக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதன் பொருளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். "ஜெயனி, பஸ் தரிப்பில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் அம்மா பொய் சொல்லுகிறவர் இல்லை. பிழையைச் செய்தது நான். பயத்தில் ஒளித்தேன். அம்மா எனக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றினார். றொஷினிக்கும் இதைச் சொல்லியாயிற்று." இவ்வளவுதான் அதில் இருக்கிறது.

ஆனால் என் சொல்லை நம்பி அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தரம் என்னை நம்பி வாசிக்காத கடுதாசியைத் தந்தீர்கள், அது போதும். ரொறொன்ரோவில் பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், பள்ளிக்கூட ஆசிரியையோ, கோயிலில் யாரோ. அவர்களைக் கொண்டு பிரெஞ்சையும் தமிழையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல் வித்தியாசமாக இருந்தாலும் கிழித்துப் போடுங்கள். சரியாக இருந்தாலும் கொடுப்பதா விடுவதா என்பது உங்கள் தெரிவு, என்ன தெரிவுசெய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும். அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல் எப்படியாவது அவளிடம் போய்ச் சேரட்டும்.

உங்களிடம் வாங்கிய தம்பி என்ற பெயரை இன்னும் திருப்பித் தராத,
றூபன்